பீலித் தண்ணீர்ப் போத்தல்

ஆனைக்கல் தோட்டம், மேல்பிரிவு,
பதுளை.
தை 16, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் ஜெயகுமாரும் மாரியம்மன் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை பொதுவாகக் கேட்கப்போவதில்லை, உன் வயிறு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடிதத்தை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய் பிரிட்ஜைத் திற. நான் கொடுத்துவிட்ட தண்ணீர்ப் போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது, பிறந்தநாளன்று காலையில் குடிப்பதற்கு வைத்திருக்கிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அதை எடுத்துக் கக்கூசில் ஊற்று. பூச்சட்டியில் ஊற்றாதே, அரிசி கழுவும் தொட்டியிலும் ஊற்றாதே. போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டு, அது இருந்த தட்டைத் துடைத்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு. ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, ஏன் என்று எழுதத்தான் மீதிப் பக்கமெல்லாம் இருக்கிறது. ஊற்றியாச்சா? சரி, இப்போது உட்கார்ந்து படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை சொல்லப் பார்த்தேன். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பக்கம் உன்னோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்கிற நஸ்மியாவும் இருக்கிறாள், நடுவில் நான் வாயைத் திறந்தால் இங்கே பனி அதிகம், அங்கே பனி எப்படி என்றுதான் வருகிறது. மூன்று தடவையும் பனியைப் பற்றியே பேசினேன், நீயும் அப்பா ரேடியோவில் வானிலை வாசிக்கப் போறாரா என்று சிரித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் பெப்ரவரி பத்தாம் திகதிக்கு முன்னால் ஜப்பான் வந்து சேராது, அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவான். பத்தாம் திகதி என்ன என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் உங்கள் முதியோர் இல்லத்தில் நஸ்மியாவை வேலையில் வைத்திருப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று பேசப்போகிறார்கள். உன் வயிற்றுக்கு வந்த கேட்டுக்கு அவள் சமையல்தான் காரணம் என்று அவர்கள் நிரப்பக் கொடுத்த பாரத்தில் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவள் சமையல் இல்லை பாப்பா. நான்தான்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை நீ உங்கள் இல்லத்து மேடத்துக்கும் அவர்கள் பாஷையில் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும், என்னைத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும். மேடத்துக்குச் சொல், என் பெயர் சிவஞானம், முப்பத்தோரு வருசமாக இந்தத் தோட்டத்துத் தண்ணீர் லைனைப் பார்க்கிறவன். மலை உச்சி ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியில் இறக்கி, தொட்டியிலிருந்து நாங்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் பக்கத்தில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் விழ வைப்பது என் வேலை. பென்சன் வயது தாண்டியும் தோட்டத்துத் துரை என்னை விடவில்லை, ஏனென்றால் எந்தக் குழாய் எந்தக் கல்லுக்குக் கீழே போகிறது என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. இது பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை.

நீ புறப்படுவதற்கு முன்னால் ஒரு வாரம் நான் உனக்குச் சொன்ன புத்தி கொஞ்சமா. அந்த நாட்டில் மீனைப் பச்சையாகச் சாப்பிடுவார்களாம், தொடாதே என்றேன். முட்டையைப் பச்சையாகச் சோற்றில் உடைத்து ஊற்றுவார்களாம், அந்தப் பக்கமே போகாதே என்றேன். வெட்டி வைத்த பழம் வாங்காதே, தோலோடு வாங்கி நீயே உரி, ஆறின சாப்பாட்டைத் தொடாதே, பிளேனில் ஐஸ் போட்டு எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல் என்றேன். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும், உன் அண்ணன் எல்ல டவுனில் முச்சக்கரவண்டி ஓட்டி வெள்ளைக்காரர்களிடம் கேட்டு வந்து சொன்னதுதான். எல்லாம் சரியான புத்திதான், இப்போதும் அதில் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. கடைசியாக ஒன்றை என் சொந்தத்தில் சேர்த்தேன். இரண்டு லீட்டர்ப் போத்தலில் நம் பீலித் தண்ணீரைப் பிடித்து, மூடிக்கு மேல் பொலித்தீன் கட்டி, உன் சூட்கேசில் சேலைக்கு நடுவில் வைத்தேன். தண்ணி மாறினா வயிறு மாறும், மொதல் மூணு நாள் அந்த ஊரு தண்ணியில நம்ம தண்ணிய ரெண்டு மடக்கு கலந்து குடி, வயிறு பழகிக்கும் என்றேன். கொதிக்க வைத்து ஊற்றித் தரவா என்று உன் அம்மா கேட்டாள். கொதிக்க வச்சா எந்த ஊரு தண்ணியும் ஒண்ணுதான், அப்புறம் நம்ம தண்ணி எதுக்கு என்று அவள் வாயை அடைத்தேன். நீ நான் சொன்னது அத்தனையையும் ஒன்றுவிடாமல் கேட்டு நடந்தாய். அதுதான் வினையாகப் போயிற்று.

இது நான் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை, அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன நம் சொந்தங்கள் எல்லாம் பீலித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோனதை நானே பார்த்திருக்கிறேன். வயிறு எப்படி இருந்தது என்று அவர்களில் ஒருவரும் கடிதம் போட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. போன வருசம் உன் அண்ணன் எல்லவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைத் தோட்டம் காட்டக் கூட்டிவந்தானே, ஞாபகம் இருக்கிறதா? நம் பீலியில் ஆளுக்கு ஒரு போத்தல் பிடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அதில் கிருமி கொல்லுகிற மாத்திரை ஒன்றைப் போட்டு மூடி, அரை மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருசம் சிரித்தேன், கோயில் கூட்டத்தில் நடித்தும் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நஸ்மியாவுக்கும் ஒரு போத்தல் கொண்டுபோயிருந்தேன். உன்னோடு பாஷை வகுப்பில் படித்து, உன்னோடு ஒரே பிளேனில் ஏறுகிற பிள்ளை, உனக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்று நினைத்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் வைத்து அவள் வாப்பா ஸரூக் நானாவிடம் நீட்டினேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், சூட்கேசில் கிலோ கூடிப்போச்சு அண்ணே, கோவிச்சுக்காதீங்க என்று. நான் கோபித்துக்கொண்டேன். பெட்டி திறந்திருந்தபோது உள்ளே வட்டிலப்பம் செய்யக் கித்துள் கருப்பட்டி இருந்ததைப் பார்த்துவிட்டேன், கருப்பட்டிக்கு இடம் இருக்கிறது என் தண்ணீருக்கு இடம் இல்லையா என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். இருபது வருசமாக ஸொக்கட், வால்வு, குழாய் எல்லாம் அவர் கடையில் வாங்குகிறவன் அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. இந்தக் கோபத்தை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நஸ்மியா முட்டையும் அந்தக் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் செய்தாள், நீயும் அவளும் உங்களோடு தங்கியிருக்கிற லுணுகலைப் பிள்ளை விதுஷாவும் சாப்பிட்டீர்கள். மறுநாள் உனக்கு வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, ஒரு வாரம் இல்லத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். விதுஷாவுக்கும் இரண்டு நாள் போனது. நஸ்மியாவுக்கு ஒன்றுமில்லை. கடைசி மூன்று நாள் என்ன சாப்பிட்டாய், தயாரித்தவர் யார் என்று பாரம் கொடுத்தார்கள், நீ வட்டிலப்பம், நஸ்மியா என்று எழுதினாய். தண்ணீரை நீ எழுதவில்லை, தண்ணீரை யார்தான் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்கள். அன்றைக்கு நீ அழுதுகொண்டு போன் எடுத்தபோது நான் என்ன சொன்னேன்? எல்லாம் விட்டுட்டு நம்ம தண்ணிய ஒரு கிளாஸ் முழுசா குடி, வயிறு தன்னால அமரும் என்றேன். குடித்தாய். இரண்டாம் தடவையும் படுத்தாய். முதல் தடவை படுத்ததிலிருந்து உனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, உன் துணியைத் துவைத்துப் போட்டவள் நஸ்மியா. இரண்டாவது பாரத்தில் கஞ்சி, நஸ்மியா என்று எழுதினாய். இப்போது அவளை வயசானவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிற பக்கம் விடாமல் துணி துவைக்கிற அறையில் போட்டிருக்கிறார்கள், நீ தனிச் சட்டி வாங்கித் தனியாகச் சமைக்கிறாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தச் சொல்லை இவ்வளவு நாளும் பிறத்தியாருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா செய்ததையும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் பாதி உண்மைதான் ஆகும். நீ சொன்னதை அவள் பீலியடியில் சொன்னாள், அந்தப் பிள்ளை முட்டையைக் கழுவாமலே உடைக்குமாம் என்று. பீலியடியில் சொன்னால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும், பெரட்டில் கொழுந்துக் கூடையோடு எல்லா மலைக்கும் போகும். ஒரு வாரத்தில் அது அவங்க கையே சுத்தமில்ல என்று வளர்ந்து பதுளை பஜாருக்கு இறங்கி, ஸரூக் நானாவின் கடை வாசலில் நின்று ஒருத்தி சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். கிலோ கூடிப்போன கோபம் உள்ளே இருந்ததால் எனக்கு அது கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது. வெட்கம் கெட்ட விசயம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

இனி பொங்கலுக்கு வருகிறேன். பொங்கலன்று மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி வைத்தார்கள், ஐஸ்கிரீம் வேனும் வந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதினொரு பிள்ளைகள் வயிற்றால் போய்ப் படுத்தார்கள். எல்லாம் இப்போது எழும்பி ஓடித் திரிகின்றன, பயப்படாதே. ஐஸ்கிரீம்காரர்தான் காரணம் என்று கூட்டம் கூடித் தீர்மானம் போட்டோம், இனிமேல் தோட்டத்துக்குள் வேனை விடுவதில்லை என்று முன்மொழிந்தவன் நான். ஆனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து விசாரித்தபோது, படுத்ததில் நாலு பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்காத பிள்ளைகள் என்று தெரிந்தது. படுத்த எல்லாப் பிள்ளைகளும் ஓடி முடித்துப் பீலியில் வாயை வைத்துக் குடித்ததுதான் ஒற்றுமை. அவர் நல்ல மனுசன், சிங்களவர், தமிழ் நம்மைப் போலப் பேசுகிறார். தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். நான் அவர் முகத்துக்கு நேரே, முப்பத்தோரு வருசத் தண்ணிங்க சார், தேனு மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஐயா நீங்க கடைசியா எப்ப இந்தத் தண்ணிய பச்சையா குடிச்சீங்க என்று கேட்டார்.

நான் யோசித்தேன் பாப்பா. காலையில் எழும்பினால் பிளேன்டீ, பெரட்டுக்கு முன்னால் பிளேன்டீ, பத்து மணிக்கு, பகல் ரொட்டிக்கு, வேலை விட்டு வந்து, எல்லாம் பிளேன்டீ. தாகம் எடுத்தாலும் பிளேன்டீதான். நான் மட்டுமில்லை, இந்த மலையில் பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான். நம் பெரியவர்கள் வயிற்றைக் காப்பாற்றியது என் பீலி இல்லை, கேத்தலுக்கு அடியில் எரிந்த விறகுதான். பச்சையாகக் குடித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. உன் அண்ணன் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தான்.

அறிக்கை வந்தது, தண்ணீரில் மலக்கிருமி என்று எழுதியிருந்தது. எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க என்னைத்தான் கூட்டிப்போனார்கள், வேறு யாருக்கு வழி தெரியும். லைனில் கோளாறு என்றால் எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு, ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே மேலே ஏற வேண்டும், எது சரியோ அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவதில்தான் கோளாறு இருக்கும். அப்படி ஏறி ஏறி மேல் லயத்துக் கக்கூசுக் கழிவு ஓடுகிற கான் இருக்கிற இடத்துக்குப் போனேன். கார்த்திகை மழையில் மண் சரிந்து அந்த இடத்தில் குழாய் உடைந்தது. பதுளை ரோடு மூடிக் கிடந்ததால் குழாயை இணைக்கிற ஸொக்கட் வாங்க முடியாமல் நான்தான் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். ரோடு திறந்ததும் மாற்றலாம் என்று இருந்தேன். ரோடு ஒரு வாரத்தில் திறந்தது. ஸொக்கட் ஸரூக் நானா கடையில்தான் இருந்தது, எனக்குத்தான் கோபம் இருந்தது. அதுதான் நான் மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது. டியூப் வெயிலிலும் பனியிலும் வெடித்து, கான் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து லயத்துக்காரி சொன்னாள், டியூப் கட்டின அன்றைக்கே ஓரத்தில் நாற்றம் அடித்ததாம், சிவஞானம் அண்ணன் கட்டினதை நாம என்ன சொல்றது என்று இருந்துவிட்டாளாம். உன் போத்தலை நான் பிடித்தது டியூப் கட்டி ஏழாம் நாள்.

அன்றைக்கு அந்த மலையிலிருந்து இறங்கும்போதே உன் விசயத்திலும் வால்வை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். வட்டிலப்பம் மூன்று பேர் சாப்பிட்டீர்கள், இரண்டு பேர்தான் படுத்தீர்கள். கஞ்சியை நஸ்மியாவும் உன்னோடு குடித்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. படுத்த இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன? ஊர்த்தண்ணீர் என்று ஆசையாக விதுஷா ஒரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று நீயே சிரித்துச் சொன்னாய். நஸ்மியாவிடம் போத்தல் இல்லை, கிலோ கூடிப்போனதால் தப்பித்தாள், தப்பித்ததாலேயே செஞ்சவளுக்கு மட்டும் ஒண்ணுமில்லயே என்று மாட்டிக்கொண்டாள். பச்சை முட்டை தின்கிற ஊரில் எல்லாரும் நன்றாக இருக்க, என் மகள் ஒருத்தி அப்பன் கொடுத்த தண்ணீரைக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்கிறார்கள் போலும்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, நீயும் மிச்சத்தைக் குடித்து முடித்துவிடுவாய், நஸ்மியா ஊருக்கு வந்துவிடுவாள், கதை முடிந்துவிடும் என்றும் புத்தி போனது. உன்னிடம் மறைக்கக் கூடாது, அந்த நாலு நாளும் அப்படித்தான் போனது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நீ பிறந்தநாளுக்கு வைத்திருக்கிற பாதிப் போத்தலைப் பற்றிச் சொன்னாய். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது பாப்பா. பயமாகவும் இருக்கிறது, நீ கையால் ஊட்டிவிடுகிற அந்த வயசானவர்களுக்கு என் தண்ணீரால் ஏதாவது வந்திருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. எழுந்து போய்க் கேத்தலை வைத்தாள். அன்றிலிருந்து கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் இந்த வீட்டில் புழங்குவதில்லை, நான் கால் கழுவவும் கொதித்து ஆறின தண்ணீர், மாட்டுக்கும் கொதித்து ஆறின தண்ணீர். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என்னோடு பேசுவது அளவோடுதான். ஆனால் மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நான்தான் தப்பா சொன்னேன், முட்டை இல்ல, எங்க வீட்டுத் தண்ணிதான், சொன்ன வாயே மாத்திச் சொல்லுது கேட்டுக்குங்க என்று சொல்லியிருக்கிறாள். லயம் லயமாகவும் போய்ச் சொன்னாள். உன் அம்மா பாக்கியலெட்சுமியைக் கட்டி முப்பது வருசம் ஆகிறது, இவ்வளவு நேர்மையானவள் என்று எனக்குத் தெரியாது. பீலிக்கு மேலே கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று மூன்று பாஷையில் பலகை வைக்கச் சொன்னார்கள், தோட்டத்தில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான் என்று என்னையே எழுத வைத்தார்கள். அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்சில் பதுளைக்குப் போய் ஸரூக் நானாவின் கடையில் ஏறினேன். என்னைக் கண்டதும் வாங்கண்ணே என்று ஸ்டூலைத் தள்ளினார், இரண்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டியூப், போத்தல், வட்டிலப்பம், பீலியடிப் பேச்சு, ஒன்றையும் விடவில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் ஆணி வாங்க நின்றார்கள், அவர்களும் கேட்டார்கள், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, புள்ளக்கி இப்ப வயிறு எப்பிடி ஈக்கிது என்பதுதான். அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சொன்னார், வேலையில் இப்படி ஒரு சிக்கல் என்று நஸ்மியா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், வாசலில் வந்து ஒருத்தி சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியுமாம். ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, ஜெயந்தினி நல்லா ஈக்கிறா, இன்டைக்கு கொஞ்சம் சாப்பிட்டா என்று உன்னைப் பற்றித்தான் சொல்லுவாளாம். நீ தனிச் சட்டி வாங்கியதைக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு அங்குல ஸொக்கட் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மொதல்ல இதக் கொண்டு போய்ப் போடுங்க அண்ணே, பேச்சைப் பொறகு பேசிக்கலாம் என்றார். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார், குடித்தேன். ஸொக்கட்டை அன்றைக்குப் பகலே போட்டுவிட்டேன், குழாயையும் கானுக்கு மேலால் தூக்கி எடுத்தாயிற்று.

உனக்கு இனிச் சொல்ல என்னிடம் புதுப் புத்தி ஒன்றும் மிச்சமில்லை. பழையதில் கடைசியாகச் சேர்த்ததை மட்டும் வெட்டிவிடு. அந்த ஊரில் குழாயைத் திறந்து குடிக்கிறார்கள் என்றால் நீயும் குடி, அங்கே குழாயை யாரோ ஒழுங்காகப் பார்க்கிறார்கள். இனி யார் எந்த ஊரிலிருந்து ஆசையாக எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அப்பன் கொடுத்தாலும், கொதித்ததா, வெந்ததா, எத்தனை நாளானது என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அந்த வெள்ளைக்காரப் பெண் கல்லில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்ததை இப்போது நினைத்தால் என் கோயில் நடிப்புக்குத்தான் சிரிப்பு வருகிறது. வெளிக்குப் போய் வந்தாலும், வயசானவர்களுக்கு ஊட்டப் போகுமுன்னும் சவுக்காரம் போட்டுக் கை கழுவு. வயிறு சரியாகிவிட்டது என்று நீயாக முடிவு கட்டாதே, டாக்டரிடம் தண்ணீர் விசயத்தைச் சொல்லி இன்னொரு தடவை சோதித்துப் பார், விதுஷாவையும் கூட்டிப் போ. உன் அண்ணன் வண்டிக்குப் புதுச் சீட் உறை போட்டிருக்கிறான், மஞ்சள் நிறம், சொல்லச் சொன்னான். பக்கத்து லயத்தில் பூனை ஐந்து குட்டி போட்டு, இரண்டு நம் வீட்டில் குடியேறிவிட்டன. ஐஸ்கிரீம்காரரைப் பண்டாரவளையில் தேடிப் பிடித்து, தோட்டத்துக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர் யோசிச்சுச் சொல்றேன் என்றார்.

பரிசோதகரின் அறிக்கையையும் கடைசிப் போட்டோவாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன், திகதி, முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. இதையும் எடுத்துக்கொண்டு பத்தாம் திகதி வரை காத்திராமல் நாளைக்கே மேடத்திடம் போ. போகுமுன் நஸ்மியாவிடம் போ. என்ன சொல்வது என்று நான் எழுதித் தரமாட்டேன், நானும் ஸரூக் நானாவின் கடையில் எழுதிவைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல், பனியைப் பற்றிப் பேசாதே. மாரியம்மன் உன்னையும் அந்தப் பிள்ளையையும் விதுஷாவையும் ஒரு குறையும் வராமல் காப்பாற்றட்டும், நாலாம் திகதி உனக்குப் பிறக்கிற புது வயதில் வயிறும் மனசும் லேசாக இருக்கட்டும். அன்றைக்கு நஸ்மியாவை வட்டிலப்பம் செய்யச் சொல்லி முதல் துண்டை நீ சாப்பிடு, தனிச் சட்டியை விதுஷாவுக்குக் கொடுத்துவிடு.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த இரண்டு பாரத்தையும் கேட்டு வாங்கு. சாப்பாட்டுக்கு நேரே தண்ணீர் என்று எழுது. தயாரித்தவர் பெயர் என்று இருக்கிற இடத்தில் நஸ்மியாவின் பெயரை அடித்துவிட்டுக் கீழே இருப்பதை அப்படியே எழுது, அவர்கள் விசாரிக்க நினைத்தால் விலாசமும் சரியாக இருக்க வேண்டும் என்று முழுதாகவே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
க. சிவஞானம்,
தண்ணீர் லைன் பார்ப்பவர்,
ஆனைக்கல் தோட்டம், மேல்பிரிவு, பதுளை, இலங்கை.
உறவு முறை கேட்டால், அப்பா.